மலைக்குப் போய் வந்தோம்

எமது ஊரின் பெயரிலேயே மலை இருக்கின்றது. திருகோணமலை என்று நாளொன்றுக்குப் பத்து முறையாவது எழுதுகின்றோம்; பாடசாலை இடாப்பில் எழுதுகின்றோம், கடிதத்தின் தலைப்பில் எழுதுகின்றோம். ஆயினும் மலை எனத்தக்க ஒன்றை இங்கு வாழ்பவர் அன்றாடம் காண்பதில்லை. கோணேசர் கோயில் அமைந்துள்ள சுவாமிமலை, கடலுக்கு மேல் ஏறத்தாழ 400 அடி எழுந்து நிற்கும் ஒரு பாறைமுனை. அதற்கு ஏறுவதற்குக் கோட்டை வாசலால் நுழைந்து கால்மணி நேரம் நடந்தாற் போதும். துறைமுகத்தைச் சூழ்ந்துள்ள காட்டுக் குன்றுகளோ நீண்ட காலம் ஆங்கிலேயக் கடற்படையின் வசமிருந்தவை. 1957 இல் அத்தளம் கைமாறிய பின்னரும் அவற்றுட் பலவற்றின் வேலிகள் அகலவில்லை. ஆகவே எமது பிள்ளைகளுக்கு மலை என்பது புவியியற் படத்திற் பழுப்பு வர்ணம் தீட்டப்பட்ட பகுதியாகவே இருந்து வந்தது.

2024 சித்திரை விடுமுறையில் அந்தப் பழுப்பு வர்ணத்தைக் காலால் மிதித்துப் பார்க்க வேண்டுமென்று இருவரும் பிடிவாதம் பிடித்தனர். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது, மகனுக்கு ஒன்பது. கூடாரமடித்து மலையடிவாரத்தில் இரண்டு இரவுகள் தங்குவது, மூன்றாம் இரவு சிவனொளிபாதமலை ஏறுவது என்பது அவர்கள் வகுத்த திட்டம். கூடாரமொன்றை ஒரு சாரணர் படையினரிடமிருந்து இரவலாகப் பெற்றோம். மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, சீனி, பருப்பு, கம்பளிகள், தலைவலித் தைலம் என்று மூட்டைகள் பெருகின. நடுத்தர வர்க்கத்துக் குடும்பமொன்று எளிமையாக வாழ்ந்து பார்ப்பதற்குப் புறப்படும்போது எடுத்துச் செல்லும் பொருள்களின் தொகை வியப்புக்குரியதுதான்!

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த மாமி, தலை நிமிராமலே, "நானும் வாறன்" என்றார்.

எம் மனைவியின் தாயார் அவர். கோயிற் திருவிழாவைத் தவிர வேறெதற்கும் வீட்டைவிட்டுப் புறப்படாதவர். அவருடைய இச்சொல் எமக்கு வியப்பை அளித்தது என்று மாத்திரம் எழுதிவிட்டு அப்பாற் சென்றால், இக்கட்டுரையை எழுத வேண்டிய தேவையே இல்லை. வியப்போடு ஒரு சங்கடமும் எழுந்தது. அதன் காரணத்தை இங்கு சொல்லியாக வேண்டும்.

மாமி மஸ்கெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவர். 1977 ஆகஸ்ட் வன்செயலின் பின், பதினேழு வயதில், பெற்றோருடன் மலையிலிருந்து இறங்கியவர். அக்காலத்தில் அவ்வாறு இறங்கிய குடும்பங்கள் பல வவுனியாவிலும் திருகோணமலை மாவட்டத்திலும் காடு வெட்டிக் குடியேறின. மாமியின் குடும்பம் கன்னியாவுக்கு அப்பால் ஒரு துண்டுக் காணியிற் குடிசை போட்டது. பின்னர் அங்கும் இருக்க முடியாமற் போய் நகருக்கு வந்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்த ஒருவரை அவர் மணந்துகொண்டார். அவர்களுடைய ஒரே மகள் ஆசிரியையானார். நாம் அவரை மணந்தபோது எமது பெற்றோர் எட்டு மாதங்கள் எம்முடன் பேசவில்லை. "தோட்டக்காட்டாருடைய பெட்டை" என்பது எம் உறவினர் வாயில் அடிபட்ட சொல். நண்பர்கள் இதனை முற்போக்குத் திருமணம் என்று பாராட்டினர். எமக்கும் அதிற் பெருமிதம் இருந்தது.

ஆனால், பெருமிதத்தை வைத்துக்கொண்டு உறவினரோடு காலந்தள்ள முடியாது. பிள்ளை பிறந்தது, பேச்சுவார்த்தை மீண்டது, அதற்கு எம்மையறியாமலே ஒரு விலை கொடுத்தோம். மாமியின் ஊர் எது என்று எவரேனும் கேட்டால், "கண்டிப் பக்கம்" என்று சொல்லும் வழக்கம் எம் வீட்டில் உருவாயிற்று. யார் முதலிற் சொன்னது என்பது நினைவில் இல்லை. மாமியும் மறுக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் எம்மூர்ப் பேச்சையே பேசி வந்தார். பிள்ளைகளுக்கு அம்மம்மா கண்டிப் பக்கத்தவர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இதிற் கூச்சத்திற்குரியது இன்னொன்று. நாம் வரலாறு கற்பிப்பவர். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்தையும், அதனைத் தொடர்ந்து வாக்குரிமை பறிக்கப்பட்டதையும் ஆண்டுதோறும் வகுப்பிற் சினத்துடன் விளக்குகின்றோம். 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்று கரும்பலகையில் எழுதுகின்றோம். மனிதரைத் தானியம் போல அளந்து பங்கிட்டனர் என்று சொல்லுகின்றோம். அந்த மூன்று இலக்கங்களுள் எதனுள் மாமி அடங்கியிருந்தார் என்று ஒருநாளாவது கேட்டோமா என்றால், இல்லை.

கந்தளாய், ஹபறணை, தம்புள்ளை என்று பஸ் ஓடியது. தம்புள்ளைக்குப் பிறகு பாதை மெல்ல மேலேறத் தொடங்குகின்றது. பிள்ளைகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டனர். ஆசிரியர் தொழிலின் கெட்ட பழக்கம் விடுமா? இந்தப் பாதையைப் பற்றி அவர்களுக்குச் சொல்லத் தொடங்கினோம். 1820களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பிச் செய்கை தொடங்கியது. அதன்பின் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து ஆட்கள் அழைத்துவரப்பட்டனர். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்திறங்கி, காட்டினூடே, கங்காணிகளின் பின்னே, மாத்தளைவரை கால்நடையாக நடந்தனர். மன்னாருக்கும் மாத்தளைக்கும் இடையே ஏறத்தாழ 250 கிலோமீற்றர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் விழுந்தவர் ஏராளம். 1869 இல் இலைநோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. ஆட்கள் மேலும் வந்தனர். தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தது 1914 இலேதான்.

2023 இல், அந்த மக்களின் வரவின் 200 ஆண்டு நிறைவையொட்டி, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. பத்திரிகையிற் படித்தோம், நல்ல காரியம் என்று ஆசிரியர் அறையிற் பேசிக்கொண்டோம். தம்புள்ளைக்கு எம்மூரிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். ஒருநாளாவது சேர்ந்து நடந்திருக்கலாம். தவணை நடுவில் விடுமுறை எடுப்பது எவ்வாறு என்று தயங்கினோம்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோபுரம் தெரிந்ததும் மாமி கைகூப்பினார். பின்னர், யாரையும் நோக்காமல், "எங்க தாத்தாவோட ஆத்தா இதுவரைக்கும் நடந்து வந்தவ. கைப்பிள்ளையோட" என்றார்.

மகன் எம்மைப் பார்த்தான். "அம்மம்மா ஏன் வேற மாதிரிக் கதைக்கிறா?" என்று கேட்டான். எம் மனைவி ஜன்னலின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பின்னர் நாவலப்பிட்டி, கினிகத்தேனை, அட்டன் என்று உயரம் ஏற ஏற, மாமியின் பேச்சும் மாறிக்கொண்டே போயிற்று. அட்டனில் தேநீர்க் கடைக்காரருடன் "என்னாங்க", "வாங்க", "அப்புடியா" என்று அவர் உரையாடியதை நாம் நால்வரும் அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்து நின்றோம். ஒரு மொழியை ஒருவர் இத்தனை ஆண்டுகள் வாய்க்குள் அடக்கி வைத்திருக்க முடியும் என்பது அன்றுவரை எமக்குத் தெரியாது. மஸ்கெலியாவைக் கடந்து மவுசாக்கலை நீர்த்தேக்கம் வந்தபோது, அவர் தண்ணீரைச் சுட்டிக்காட்டி, பழைய மஸ்கெலியா நகரம் அதன் அடியில் இருக்கின்றது என்றார். உண்மைதான். 1960களின் இறுதியில் அணை கட்டப்பட்டபோது நகரம் மேட்டுக்கு மாற்றப்பட்டது. நீர் வற்றும் காலங்களில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சிதைவுகளாகத் தலைகாட்டுவதுண்டு. "தண்ணி ஏறுறதுக்கு முந்தி அப்பா கையப் புடிச்சுக்கிட்டு அந்தக் கோயிலுக்குப் போயிருக்கேன்" என்றார் மாமி. அப்போது அவருக்கு வயது எட்டு இருக்கலாம்.

நல்லதண்ணிக்கு இப்பால், எம்முடன் ஆசிரிய கலாசாலையிற் பயின்ற நண்பர் ஒருவரின் வீடு இருக்கின்றது. தோட்டத் தொழிலாளியின் மகன் அவர். இப்போது அங்கேயே அதிபர். அவருடைய மரக்கறிப் பாத்திக்கு அருகே கூடாரத்தை அடித்தோம். வெண்முகில் பள்ளத்தாக்கிலிருந்து புகைபோல எழுந்து வருவதையும், தேயிலைச் சரிவு பச்சைக் கம்பளம் போல விரிந்து கிடப்பதையும் கண்டு பிள்ளைகள் கூத்தாடினர். கம்பளம் என்ற உவமையை எழுதும்போதே எமக்கு உறுத்துகின்றது. சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்கள் அதனை எழுதி எழுதித் தேய்த்துவிட்டன. உண்மையில் அந்தச் செடி கம்பளமாக இருப்பதற்குக் காரணம், அது மரமாக வளரவிடாமல் ஆண்டாண்டாகக் கவ்வாத்து வெட்டி, கிழமை தவறாமல் அதன் நுனியை யாரோ கிள்ளிக்கொண்டிருப்பதுதான்.

முதல் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு மழை தொடங்கியது. சித்திரை மாதத்து மலைநாட்டு மழையைப் பற்றி நண்பர் முன்னரே எச்சரித்திருந்தார். கரையோரத்து மனிதருக்குரிய அசட்டுத் துணிவில் நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. இடி எம் தலைக்கு மேலே அன்றி எம் பக்கத்திலேயே விழுவது போலிருந்தது. அரைமணி நேரத்திற் கூடாரத்தின் தையலெல்லாம் ஒழுகத் தொடங்கியது. பருப்பு, கம்பளி, தைலம் அனைத்தும் சேற்றில் மிதந்தன. நண்பர் அட்டனுக்குப் போயிருந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கீழே தெரிந்த லயத்தை நோக்கி ஓடினோம். வழுக்கும் ஒற்றையடிப் பாதையில் எம் அனைவருக்கும் முன்னே, அறுபத்து நான்கு வயது மாமி, ஒருமுறையேனும் தடுமாறாமல் இறங்கிச் சென்றார்.

கோடியிலிருந்த வீட்டின் இஸ்தோப்பில் ஒரு பெண் எம்மை அமரச் செய்தார். இஸ்தோப்பு என்பது லயத்தின் முன் திண்ணை. அதற்கு உள்ளே ஒரு காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி இருக்கும். அதனுள் அவரும் கணவரும் மூன்று பிள்ளைகளும் கணவரின் தாயும் வாழ்கின்றனர். ஏழு பேர்ச்சஸ் நிலமும் தனி வீடும் தரும் திட்டங்கள் பற்றி நாம் படித்திருக்கின்றோம். அவை சிலருக்குக் கிடைத்துமுள்ளன. இந்த லயத்துக்கு அவை வரவில்லை. கூரைத் தகரத்தின் மீது பாறாங்கற்கள் வைக்கப்பட்டிருந்தன. மழையின் ஓசையிற் கத்திப் பேசினாலன்றிக் கேளாது.

எமக்கு ரொட்டியும் சம்பலும் வெறுந் தேநீரும் கிடைத்தன. கோதுமை மாவின் விலை 2022 இல் ஏறிய ஏற்றத்தை நாம் அறிவோம்; ஆறு பேர் உண்ணும் வீட்டில் ஐந்து பேர் விருந்தாளிகளாகச் சென்று ரொட்டி உண்பதன் பொருளையும் அறிவோம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தோம். மாமி எம்மைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டோம்.

மகள் பேச்சுக் கொடுத்தாள். நாங்கள் மலை ஏறுவதற்காகத் திருகோணமலையிலிருந்து வந்திருக்கின்றோம் என்றும், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் என்றும், அன்ரி எப்போதாவது மலைக்குப் போயிருக்கின்றாரா என்றும் கேட்டாள்.

"நாங்க தெனமும் மலைக்குத்தானே போறோம், பாப்பா" என்றார் அவர்.

பிள்ளை திகைத்தாள். தினமுமா? அந்த உச்சிக்கா? அப்பெண்ணும் திகைத்தார். இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெவ்வேறு உலகங்களிற் பேசிக்கொண்டிருந்தனர். மாமிதான் அதனை அவிழ்த்துவிட்டார். தோட்டத்தில் மலை என்றால் கொழுந்து பறிக்கும் இடம். ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. காலையிற் பிரட்டுக்களத்தில், இன்று இத்தனையாம் நம்பர் மலை என்று சொல்லுவார்கள். மலைக்குப் போவதென்றால் வேலைக்குப் போவது. மலை இல்லையென்றால் அன்று வேலை இல்லை, சம்பளம் இல்லை.

அகராதி தொகுக்கும் அறிஞர் எவராவது இப்பொருளைச் சேர்த்திருக்கின்றனரோ, அறியோம். குறிஞ்சி என்றும் வெற்பு என்றும் பொருப்பு என்றும் மலைக்கு எத்தனை சொற்களை மாணவரைக் கொண்டு மனனஞ் செய்விக்கின்றோம்! உழைக்கும் மக்கள் இரண்டு நூற்றாண்டுகளாக அச்சொல்லுக்கு ஏற்றிய பொருளை எந்தப் பாடநூலிலும் கண்டதில்லை.

அப்பெண் தம் வேலையைப் பற்றிச் சொன்னார். நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாக்கப்பட்டது. அவர் பேசிய அன்றும் அதுவே. குறித்த நிறைக்குக் கொழுந்து வந்தாற்றான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். ஒருநாள் உழைப்புக்குத் தோட்டத்தார் வைத்திருக்கும் சொல் 'பேர்' என்பது. ஒருவரின் பெயரே அவரது நாட்கூலியின் அளவாகிவிட்ட இடம் அது. (அவ்வாண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வெளிவந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எமக்கு முதலில் நினைவு வந்தது அந்த ரொட்டி.) அட்டை கடிக்கு உப்பும் சவர்க்காரமும், குளவி கொட்டினால் வைத்தியசாலை. தாம் குடிக்கும் தேயிலைத் தூள் எந்தத் தரம் என்று மகன் கேட்டபோது அவர் சிரித்தார். நல்ல தூள் கப்பலேறிப் போகின்றது. துறைமுக நகரத்துப் பிள்ளைக்கு அதையாவது விளக்க வேண்டியதில்லை.

"எனக்குப் பதினாலு வயசில பேர் பதிஞ்சாங்க" என்று அப்போது மாமி சொன்னார். "மூணு வருசம் கொழுந்து எடுத்தேன்."

எம் மனைவிக்கும் இது புதிய செய்தி. தாயின் கையை அவர் எடுத்துப் பார்த்தார். என்ன தேடினாரோ தெரியாது.

அன்றிரவு நண்பரின் வீட்டுக்குள்ளேயே படுத்தோம். மறுநாள் கூடாரத்தைக் காயப்போட்டோம். அதற்கு மறுநாள் இரவு பத்து மணிக்கு மலையேறத் தொடங்கினோம். மாமி வரவில்லை. முழங்கால் நோகின்றது என்றார். முதல் நாள் மழையில் அந்த முழங்கால் எவ்வாறு ஓடியது என்று கேட்க எமக்குத் தோன்றவில்லை.

சிவனொளிபாதமலையைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. 7,359 அடி உயரம். உச்சியிலுள்ள சுவடு பௌத்தருக்குப் புத்தருடையது, சைவருக்குச் சிவனுடையது, இஸ்லாமியருக்கும் கிறிஸ்தவருட் சிலருக்கும் ஆதாமுடையது. மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமிவரை பருவகாலம். வழிநெடுக மின்விளக்குகள் மலையைச் சுற்றிய மாலை போல ஒளிரும். சிங்களக் கிராமத்துக் குடும்பங்கள் பாட்டனையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வழிநடைப் பாட்டிசைத்து ஏறுகின்றன. இறங்கி வருபவர் ஏறுபவரை வாழ்த்திச் செல்லுகின்றனர். எம் மகனின் கால் சோர்ந்தபோது, தென்பகுதி முதியவர் ஒருவர் தம் பையிலிருந்த கித்துள் வெல்லத்தை எடுத்துத் தந்தார். அவர் மொழியில் எமக்குப் பத்துச் சொற்கள் தெரியும், எம் மொழியில் அவருக்கு ஐந்து. வேறு களங்களில் எம்மையும் அவரையும் எதிரெதிரே நிறுத்தியவர்கள் ஒருபோதும் இப்படிகளை நடந்து ஏறியிருக்க மாட்டார்கள் என்று எண்ணிக்கொண்டோம். பின்னர் அவ்வெண்ணம் சற்று எளிதான எண்ணம் என்றும் பட்டது. அவர்களும் ஏறியிருப்பார்கள்.

பாதி வழியில் ஒருவர் தலையிற் சுமையுடன் எம்மைக் கடந்து சென்றார். குளிர்பானப் போத்தல்கள், மாமூட்டை, ஒரு வாயுச் சிலிண்டர். மேலேயுள்ள தேநீர்க் கடைகளுக்குரிய பொருள்கள் இவ்வாறே செல்லுகின்றன. நாம் கைத்தடியை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த படியில் அவர் நின்று, "தள்ளிக்கங்க ஐயா" என்றார். பகலில் தோட்டத்தில் வேலை. பருவகாலத்தில் இரவில் இது.

1344 இல் மொறொக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இம்மலை ஏறினார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் அதனைச் சுமக்க அடிமைகளும் கொடுத்து, யோகியர் நால்வரையும் பிராமணர் மூவரையும் உடன் அனுப்பினான். வழிக்கு உணவு சுமக்கப் பதினைந்து பேர். பாறையில் அடிக்கப்பட்ட சங்கிலிகளைப் பற்றி அப்பயணி விரிவாக எழுதினார். அந்தப் பதினைந்து பேர் மலையை எவ்வாறு கண்டனர் என்பதற்குக் குறிப்பு இல்லை. எமது பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபோது, மகள் திரும்பி, சுமைகாரர் சென்ற திசையைப் பார்த்தாள்.

உச்சியிற் குளிர் எலும்பைத் துளைத்தது. சூரியன் எழுந்தபோது மலையின் நிழல் மேற்கே முகிலின்மேல் முக்கோணமாக விழுந்தது. அது அழகானது, அதனை மறுப்பது போலியாகும். மகன் மணியை ஒருமுறை அடித்தான். முதன்முறை ஏறியவருக்கு ஒன்றே.

நாம் திரும்பி வந்தபோது காலை பதினொரு மணி. மாமி வீட்டில் இல்லை. விடியற்காலையில் லயத்துப் பெண்ணுடன் போனார் என்று நண்பர் சொன்னார். பிற்பகலில், மழை தொடங்குவதற்குச் சற்று முன்னர், அவர் வந்து சேர்ந்தார். சேலையின் ஓரம் சேறு; கணுக்காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்து உறைந்திருந்தது. மகள் அதைக் கண்டு பதறித் துணி கொண்டுவந்தாள். படிகளில் ஏறிய கதையைச் சொல்லக் காத்திருந்த பிள்ளைகள் மௌனமாயினர்.

மாமி சுருக்கமாகவே சொன்னார். 1974 இல் தோட்டங்களிற் பஞ்சம். மா இல்லை, அரிசி இல்லை, வேலையும் கிழமைக்கு இரண்டு மூன்று நாள். மரவள்ளி இலையும் கிழங்கும் தின்றனர். அவருடைய தம்பிக்கு நான்கு வயது. காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் போய்விட்டான். தகப்பனார் அவனைச் சவுக்கு மரமொன்றின் அருகே புதைத்து, தலைமாட்டில் ஒரு தேயிலைக் கன்றை ஊன்றினார். 1977 இல் லொறியில் ஏறும்போது, "தம்பி அங்க தனியா இருக்கானே" என்று தாய் அழுதார். அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றுதான் மாமி எம்முடன் வந்தார்.

"கண்டீங்களா, அம்மா?" என்று எம் மனைவி கேட்டார்.

"இல்ல. அந்த மலையில பழைய தேயிலையெல்லாம் புடுங்கிட்டுப் புதுசா நட்டிருக்காங்க. சவுக்கு மரமும் இல்ல." சிறிது நேரம் கழித்து, "எந்த மலைன்னு தெரியும். நம்பர் மறக்கல்ல" என்றார்.

பஞ்சத்தைப் பற்றியும் நாம் கற்பித்ததுண்டு. இறக்குமதிக் குறைப்பு, உலகச் சந்தை, பங்கீட்டு வெட்டு என்று காரணங்களை முறைப்படி அடுக்கி விளக்குவோம். அக்காலத்து ஆட்சியில் இடதுசாரிகளும் பங்காளிகளாயிருந்தனர் என்பதனாற் சிலவற்றை மெல்லிய குரலிற் சொல்லிவிட்டுக் கடந்து செல்லுவதும் உண்டு.

ஊர் திரும்பியதும் பாடசாலை தொடங்கியது. விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு மகளின் வகுப்பிற் பணித்தனர். அவள் எழுதியதை எமக்குக் காட்டினாள். "எங்கள் அம்மம்மா தேயிலைத் தோட்டத்திற் பிறந்தவர். பதினான்கு வயதில் அவர் மலைக்குப் போனார்" என்று தொடங்கியிருந்தது. நன்றாக எழுதப்பட்ட கட்டுரை. அதனை மாணவர் மன்றத்தில் வாசிக்க வேண்டுமாம். அம்மன்றத்துக்கு எம் உறவினர் பிள்ளைகள் வருவர். அவர்கள் வீட்டுக்குச் சென்று சொல்லுவர்.

நாம் உடனே ஒன்றும் சொல்லவில்லை. எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருவதாகக் கூறித் தாளை வாங்கி வைத்துக்கொண்டோம். அதிற் பிழைகள் மூன்றுதான் இருந்தன. தாள் இரண்டு நாள்கள் எம் மேசையிற் கிடந்தது. இதனை எழுதுவதற்கு வெட்கமாயிருக்கின்றது. ஆயினும் உள்ளது அதுதான்.

மூன்றாம் நாள் மாலை, கூடாரத்தை முற்றத்து மதிலிற் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தோம். சாரணரிடம் திருப்பிக் கொடுப்பதற்குமுன் அதன் சேற்றைக் கழுவ வேண்டியிருந்தது. மாமி தும்புத்தடியால் அதனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அயல்வீட்டு அம்மையார் வேலியோரம் வந்து, பயணம் எப்படி என்று விசாரித்தார்.

"கண்டிப் பக்கம் போனியளாம். உங்கட ஊரையும் பார்த்திருப்பியள்" என்றார் மாமியிடம்.

மாமி தும்புத்தடியைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "கண்டியில்லை, பிள்ளை" என்று எம்மூர்ப் பேச்சிலேயே தொடங்கினார். பிறகு தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அது எந்தப் பக்கம் என்று அம்மையார் கேட்டார். மஸ்கெலியாவுக்கு மேல் என்றார். டிவிசனின் பெயரை அவர் கேட்கவில்லை. மாமி அதையும் சொன்னார். லயத்தின் நம்பரையும் சொன்னார். மகள் உள்ளே ஓடிவந்து, எம் மேசையிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு போனாள்.